மறதி வியாதி: மலைநாட்டு விவசாயிகள் உலகுக்குக் கற்பித்த பாடம்



ஆலையில் உழைத்தாலும் வயலில் உழைத்தாலும் நமக்குள்ள சொத்து இந்த உடம்பு ஒன்றுதான். உடம்பு ஓய்ந்த பிறகும் மனிதனிடம் நினைவு மிஞ்சுகிறது. பெற்ற பிள்ளையின் முகம், கற்ற தொழில், கூடப் பாடுபட்டவர்களின் பெயர், இவை மிஞ்சுகின்றன. அவற்றையும் பறித்துக்கொண்டு போகும் வியாதி ஒன்று இருக்கிறது. அல்ஸைமர் வியாதி என்று அதற்குப் பெயர். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

“வயசானால் புத்தி தடுமாறத்தான் செய்யும்” என்று சொல்லி நாம் இதை ஒதுக்கிவிடுகிறோம். இந்த அபிப்பிராயம் சரியல்ல. அரிவாளை எந்த வரப்பில் வைத்தோம் என்று மறப்பது வேறு. முப்பது வருஷமாக நடந்த வீட்டுப் பாதையையே மறப்பது வேறு. முன்னது எல்லோருக்கும் நேர்வது. பின்னது வியாதி.

வியாதியைக் கண்டவர்

1901ஆம் வருஷம் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி. டாக்டர் அலோய்ஸ் அல்ஸைமர் அவரைப் பரிசோதித்தார். கணவர் பெயரைக் கேட்டதற்கு, அந்த அம்மாள் தம்முடைய பெயரையே பதிலாகச் சொன்னார். 1906ல் அவர் இறந்தார். அவருடைய மூளையை டாக்டர் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். நரம்பு அணுக்களுக்கு வெளியே அழுக்குப் படிவங்கள் தெரிந்தன. அணுக்களுக்கு உள்ளே முறுக்கிய நூல் சிக்கல்கள் தெரிந்தன. படிவம் அமிலாய்டு என்ற புரதத்தால் ஆனது, சிக்கல் டௌ என்ற புரதத்தால் ஆனது என்பது பிற்கால விஞ்ஞானிகள் கண்டது.

ஆனால் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. ஆள் இறந்த பிறகுதானே மூளையைத் திறந்து பார்க்க முடியும்? உயிரோடு இருப்பவரிடம் இந்த வியாதி எப்போது தொடங்குகிறது? நீண்ட காலம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பெற்றுத் தந்ததில் பெரும் பங்கு யாருக்கு உண்டு தெரியுமா? தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு மலைகளில் வாழும் எளிய விவசாயக் குடும்பங்களுக்கு!

மலைக் கிராமங்களில் நடந்தது

கொலம்பியாவில் ஆந்தியோக்கியா என்று ஒரு மாகாணம். அங்கே யாருமால், ஆங்கோஸ்துரா முதலிய மலை ஊர்களில் சில குடும்பங்களில் ஒரு விபரீதம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. நாற்பத்தைந்து வயதை ஒட்டி, நல்ல உழைப்பாளிகளாக இருந்தவர்கள் கேட்டதையே கேட்பார்கள், பிறகு பிள்ளைகளை அடையாளம் தெரியாது, பிறகு படுக்கைதான். ஊரார் இதை ‘போபெரா’ என்றார்கள். ‘அசட்டுத்தனம்’ என்று பொருள். பாதிரியார் இட்ட சாபம் என்றார்கள் சிலர். ஏதோ மரத்தைத் தொட்ட தோஷம் என்றார்கள் வேறு சிலர்.

1980களில் பிரான்சிஸ்கோ லோபெரா என்ற இளம் டாக்டர் இதை ஆராயப் புகுந்தார். அதே மலைப் பகுதியில் வளர்ந்தவர் அவர். அவரும் அவருடன் வேலை செய்த நர்ஸும் வீடு வீடாகப் போனார்கள். மாதாகோயில் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளியை எழுதினார்கள். சாபமும் இல்லை, மரமும் இல்லை, பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் கோளாறே காரணம் என்பது 1990களில் நிரூபணமாயிற்று. அந்தக் கோளாறு உள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. இந்தக் குடும்பங்களில் சுமார் 6,000 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 1,200 பேருக்கு இந்தக் கோளாறு உண்டு.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். இப்படிப் பரம்பரையாகத் தப்பாமல் வருவது உலகத்து அல்ஸைமர் நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே. ஆகவே தாத்தாவுக்கு வந்தது நமக்கும் வந்தே தீரும் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் யாருக்கு வரும், எந்த வயதில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த மனிதர்கள் அந்தக் குடும்பங்களில் இருந்தார்கள். அதனால்தான் விஞ்ஞானத்துக்கு அவர்கள் செய்த உதவி ஈடற்றது. ரத்தம் கொடுத்தார்கள். மூளையைப் படம் எடுக்கச் சம்மதித்தார்கள். தம்மவர் இறந்தபின் மூளையையே ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள்.

வியாதி எப்போது தொடங்குகிறது?

கிடைத்த விடை உலகத்தையே திடுக்கிட வைத்தது. அந்தக் குடும்பங்களில் மறதி லேசாகத் தலைகாட்டுவது சராசரி 44 வயதில். முற்றிப்போவது 49 வயதில். ஆனால் மூளையில் அமிலாய்டு படியத் தொடங்குவது சராசரி 28 வயதிலேயே! 2012ல் வெளிவந்த ஆராய்ச்சி இதைக் காட்டியது. நரம்பு சேதமாவதைக் காட்டும் ஒரு பொருள் 22 வயதை ஒட்டியே ரத்தத்தில் கூடத் தொடங்குகிறது என்று 2020ல் கண்டார்கள்.

இதன் பொருள் என்ன? மறதி என்பது வியாதியின் தொடக்கம் அல்ல. பதினைந்து இருபது வருஷம் உள்ளுக்குள் நடந்த நாசத்தின் கடைசிக் கட்டம் அது. பேரிங் தேய்ந்து தறி நின்ற பிறகு எண்ணெய் விட்டால் ஓடுமா? சத்தம் மாறும்போதே பார்க்கவேண்டாமா?

அந்தச் ‘சத்தத்தை’ இப்போது கேட்க முடிகிறது. டௌ புரதத்தின் ஒரு வகையை ரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். ஸ்வீடனில் மறதிக் குறையோடு டாக்டர்களிடம் வந்த 1,213 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2024ல் வெளியாயிற்று. சாதாரண டாக்டர்கள் வழக்கமான முறையில் பார்த்தபோது நூற்றுக்கு 61 பேர் விஷயத்தில் சரியாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையோ நூற்றுக்கு 91 பேர் விஷயத்தில் சரியாகச் சொன்னது. 2025 மே மாதம் அமெரிக்க சர்க்கார் இப்படிப்பட்ட ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி தந்தது. ஆனால் அது 55 வயதுக்கு மேற்பட்டு, மறதிக் குறையும் உள்ளவர்களுக்குத்தான். நல்ல நிலையில் இருப்பவர் ஓடிப்போய் எடுத்துக்கொள்வதற்கல்ல.

மருந்து யாருக்கு?

அந்த மலைக் குடும்பங்களைச் சேர்ந்த 252 பேர் ஒரு மருந்துச் சோதனைக்கு முன்வந்தார்கள். வியாதி தலைகாட்டும் முன்பே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பார்க்கும் சோதனை அது. 2013ல் தொடங்கி வருஷக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார்கள். 2022ல் முடிவு வந்தது. அந்த மருந்து குறிப்பிடத்தக்க பயனைத் தரவில்லை.

லெக்கனெமாப் என்ற வேறொரு மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். அது வியாதி முற்றும் வேகத்தை நூற்றுக்கு 27 பங்கு குறைத்தது. குணமாக்கவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் கண்டன. 2023ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை வருஷத்துக்கு 26,500 டாலர்! ரத்தமும் மூளையும் கொடுத்து இந்த ஆராய்ச்சிக்கு வழி திறந்த விவசாயி அந்த விலை கொடுத்து வாங்க முடியுமா? உழைக்கும் ஜனங்களின் உடம்பிலிருந்து பிறந்த ஞானம் உழைக்கும் ஜனங்களுக்கும் வந்து சேரவேண்டும் என்று நாம் கேட்பது நியாயமா, இல்லையா?

அதே குடும்பங்களில் ஓர் அதிசயமும் நடந்தது. கோளாறு உள்ள ஒரு பெண்மணிக்கு 44ல் வரவேண்டிய மறதி எழுபது வயதுக்கு மேல்தான் வந்தது. அவருடைய மூளையில் அமிலாய்டு ஏராளம். ஆனால் டௌ சிக்கல் குறைவு. வேறொரு அபூர்வ மரபணு மாற்றம் அவரைக் காத்ததாக 2019ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். இயற்கை செய்த அந்தக் காவலை மருந்தாகச் செய்ய முடியுமா என்று இப்போது பாடுபடுகிறார்கள். டாக்டர் லோபெரா 2024ல் காலமானார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

நாம் செய்யக்கூடியது

மருந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகை அமைத்த நிபுணர் குழு 2024ல் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அவற்றை அகற்றினால், உலகத்தில் வரும் நினைவிழப்பு வியாதிகளில் நூற்றுக்கு 45 பங்கு வரை தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்று கணக்கிட்டது. ஒரு தனி மனிதருக்கு உத்தரவாதம் என்று இதற்குப் பொருளல்ல. ஜனங்கள் முழுவதற்கும் போட்ட கணக்கு இது.

அந்தப் பட்டியலில் இருப்பவை எவை? நடு வயதில் காது மந்தமாவது. ரத்தக் கொதிப்பு. சர்க்கரை வியாதி. கெட்ட கொழுப்பு. உடல் பருமன். புகை பிடிப்பது. அளவு மீறிய குடி. தலையில் அடிபடுவது. உடலுழைப்பு இல்லாமை. மனச்சோர்வு. தனிமை. கெட்ட காற்று. பார்வைக் குறைவுக்கு வைத்தியம் செய்யாமல் விடுவது. சிறு வயதில் படிப்பு இல்லாமை.

இவற்றில் எத்தனை நம் வீட்டு விஷயம் பாருங்கள்! தறிக் கூடத்தில் எட்டு மணி நேரம் இரைச்சலில் நிற்பவர் காதுக்கு அடைப்பு கேட்பது சொகுசு அல்ல, மூளையையும் சேர்த்துக் காப்பதாகும். பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி நடவுக்கு அனுப்பினால், அவளுடைய முதுமையிலும் கை வைக்கிறோம். ரத்தக் கொதிப்பு நோவு காட்டாது. பட்டை கட்டி அளந்தால்தான் தெரியும். நாற்பது வயது தாண்டியவர்கள் அளந்துகொள்ளுங்கள். மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் இரண்டு வருஷம் சோதனை நடத்தினார்கள். ஒரு பாதியினருக்கு நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்தக் கொதிப்பு முதலியவற்றின் கண்காணிப்பு என்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றப் பாதியினருக்குச் சாதாரண ஆரோக்கிய யோசனைகள் மட்டும். முதல் பாதியினரின் அறிவுத்திறன் மேலாக இருந்தது. 2015ல் வந்த முடிவு இது. அறுபது வயதிலும் காலம் கடந்துவிடவில்லை!

கடைசியாக ஒன்று. வீட்டில் பெரியவர் ஒருவர் கேட்டதையே கேட்டால், கூலிக் கணக்குத் தடுமாறினால், தெரிந்த பாதையில் திகைத்து நின்றால் கேலி செய்யாதீர்கள். கோயில் கோயிலாக அலைந்து நாளைக் கடத்தாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இவையும் இதே போல மறதியை உண்டாக்கும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அல்ஸைமர் வியாதியே ஆனாலும் சீக்கிரம் தெரிந்தால், அவர் தம் வாயாலேயே தம் விருப்பத்தைச் சொல்லிவைக்கலாம். பார்த்துக்கொள்பவர்களும் முறை போட்டுத் தயாராகலாம்.

சாபம் என்று நம்பியிருந்த மலைநாட்டு விவசாயிகள் அது வியாதி என்று உலகத்துக்கே நிரூபித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த அறிவை நம் வீடுகளில் பயன்படுத்துவோம்.