பணம் வருமுன் பெயரைப் பாருங்கள்



கணக்காளர்களாகிய நாங்கள் பல வருஷம் பேரேட்டோடு கிடந்தவர்கள். இப்போது ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறோம். "எவ்வளவு கிடைக்கும், ஐயா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீங்க. நாங்கள் முதலில் கேட்பது, "அடையாள அட்டையில் என்ன பெயர்?" செக்றோலில் லெட்சுமி, அட்டையில் இலட்சுமி என்றிருந்தால் சேமலாப நிதிப் பணம் இழுபடும். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் தோட்டம் போடும் 12 வீதமும் அதில்தானே கிடக்கிறது!

சேவைக்காலப் பணம் வேறு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருஷம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய கணக்கில். 30 வருஷத்துக்கு 420 நாள். வேலை விட்டு 30 நாளுக்குள் தோட்டம் கொடுக்க வேண்டும்.

அது மகள் கல்யாணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடும், நமக்குத் தெரியாததா? அதை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு இந்த மாசமே ஆபீசுக்குப் போங்க.