'நான் என்ன தப்பு செஞ்சேன், டீச்சர்?'

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற உள்ளடக்கிய கல்விப் பயிற்சியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்டிசம் உள்ள மாணவரை வகுப்பில் எங்கே அமர வைப்பது, படங்களைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது என்பதையெல்லாம் காலை அமர்வில் சிறப்புப் பயிற்றுநர்கள் அழகாக விளக்கினார்கள். நான் பேச வந்திருப்பது கையேட்டில் இல்லாத ஒரு கேள்வியைப் பற்றி. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு தாய் மட்டும் தயங்கி நின்று கேட்பார்: "மாசமா இருந்தப்ப நான் என்ன தப்பு செஞ்சேன், டீச்சர்?"

அறிவியல் ஆசிரியர் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. "கிரகணத்தன்னைக்கு வெளியே போனேன், அதனாலயா?" "காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேன், அதனாலயா?" "ஏழாம் மாசம் வரைக்கும் தோட்டத்து வேலைக்குப் போனேன். மருந்தடிச்ச வாடை பட்டதாலயா?" மூன்றும் ஒரே வேதனையிலிருந்து வருபவை. ஆனால் மூன்றுக்கும் பதில் ஒன்றல்ல. நாம் சொல்லும் பதில் அந்தக் குடும்பத்தில் பல ஆண்டுகள் நிற்கும். மாமியாரும் கணவரும்கூட "டீச்சரே சொன்னாங்க" என்று அதை எடுத்துக்காட்டுவார்கள். ஆகவே தெரிந்து பேச வேண்டும்.

தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் ஊர் மூடநம்பிக்கையோடு மட்டும் நிற்கவில்லை. 1943இல் லியோ கன்னர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் ஆட்டிசத்தை விவரித்து எழுதினார். அதன்பின் பல ஆண்டுகள், பாசம் காட்டாத தாய்தான் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பியது. அத்தகைய தாய்க்கு 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பெயரும் வைத்தார்கள். 1964இல் பெர்னார்டு ரிம்லண்ட் என்ற உளவியலாளர் இதை மறுத்து நூல் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தை. 1977இல் பிரிட்டனில் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து உருவான 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து உருவான 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபின் பங்கு அங்கே வெளிப்பட்டது. 2019இல் ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆட்டிசத்தில் மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று கணித்தார்கள்.

மீதி இடத்தில்தான் 'சூழல்' வருகிறது. சூழல் என்றால் வளர்ப்பு முறை என்று எண்ணிவிடக் கூடாது. கருவறை வரை எட்டுகிற கிருமி, மருந்து, நச்சு, சத்துக்குறைவு ஆகியவற்றையே ஆய்வாளர்கள் அப்படிக் குறிப்பிடுகிறார்கள். இவற்றில் நன்கு உறுதியானவை சில, இன்னும் ஆய்வில் இருப்பவை சில.

உறுதியானவற்றில் முதலாவது ரூபெல்லா. 1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் வரும் குழந்தைகள் திடீரெனக் கூடுவதைக் கவனித்தார். விசாரித்தால், அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்தது. தாய்க்கு லேசான காய்ச்சலும் சிறு தடிப்பும்தான், சில நாளில் மறைந்துவிடும். கருவிலோ கண், காது, இதயம், மூளை என எல்லாவற்றையும் அது தாக்குகிறது. 1964–65இல் அமெரிக்காவில் ரூபெல்லா பெருமளவில் பரவியது. சுமார் 20,000 குழந்தைகள் பிறவிப் பாதிப்புடன் பிறந்தார்கள். நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவர் அப்படிப் பிறந்த 243 குழந்தைகளைப் பரிசோதித்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார். 10 பேருக்கு ஆட்டிசம், மேலும் 8 பேருக்கு அதன் சில அறிகுறிகள். பத்தாயிரத்துக்கு நான்கைந்து குழந்தைகளுக்குத்தான் ஆட்டிசம் என்று கணக்கிடப்பட்ட காலம் அது.

2017 பிப்ரவரி உங்களுக்கு நினைவிருக்கும். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நம் மாநிலத்தில் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி. முகாம் நடந்த இடங்களில் நம் பள்ளிகளும் இருந்தன. எங்கள் பள்ளியில் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, "ஊசி போட்டா ஆட்டிசம் வருமாமே" என்று சில பெற்றோர் பிள்ளையை அனுப்ப மறுத்தார்கள். அந்த வதந்தியின் வேர் 1998இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட அதனை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. உண்மை இதற்கு நேர்மாறானது. கர்ப்ப காலத்தில் வரும் ரூபெல்லா ஆட்டிசத்துக்கு ஒரு காரணம். அதைத் தடுப்பது இந்த ஊசி.

இரண்டாவது, சில மருந்துகள். வலிப்பு நோய்க்குத் தரப்படும் வால்புரோயேட் பற்றி டென்மார்க்கில் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 1.53 விழுக்காடு. கர்ப்பத்தில் தாய் வால்புரோயேட் உட்கொண்டிருந்தால் 4.42 விழுக்காடு. ஏறத்தாழ மூன்று மடங்கு என்று சொன்னால் பயம் வருகிறது. நூற்றில் 95 குழந்தைகளுக்கு ஆட்டிசம் வரவில்லை என்பதும் அதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இதைக் கேட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கட்டுப்படாத வலிப்பு தாயின் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்ற முடியுமா என்று கேட்பதே வழி.

மூன்றாவது, தாலிடோமைடு. 1950களின் இறுதியில் மசக்கைக்குக் கொடுக்கப்பட்டு, 1961இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. அதனால் பாதிக்கப்பட்ட 100 பேரை ஸ்வீடனில் ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். 4 பேருக்கு ஆட்டிசம். அவர்களின் உடல் பாதிப்பை வைத்து, அந்த மருந்து எந்த நாளில் கருவைத் தொட்டது என்று கணித்தார்கள். கருவுற்ற 20ஆம் நாளுக்கும் 24ஆம் நாளுக்கும் இடையில்!

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். கருவுற்ற 20ஆம் நாளில் மாதவிலக்கு தள்ளிப்போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்கு அப்போது தெரியாது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. தெரியாத ஒன்றுக்கு அந்தத் தாயை எப்படிப் பொறுப்பாக்குவது? கர்ப்பம் உறுதியான பின் தொடங்கும் பாதுகாப்பு பல நேரங்களில் தாமதமான பாதுகாப்பு. அதற்கு முன்பே அவளுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்க வேண்டும், சத்து சேர்ந்திருக்க வேண்டும். அந்த 'முன்பே' என்பது நம் பள்ளிக் காலம்.

நார்வேயில் 85,176 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. கர்ப்பத்துக்கு நான்கு வாரம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும், எடுக்காதவர்களின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு இருவருக்கும் கடுமையான வகை ஆட்டிசம் இருந்தது. நாம் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அது இரத்தசோகைக்காகத் தரப்படுவது. கர்ப்பத்துக்குத் தேவையான தினசரி அளவுக்கு அது ஈடாகாது. ஆனால் அந்த மாத்திரையின் பெயரும் பயனும் நம் மாணவிகள் மனதில் பதிந்தால், திருமணத்துக்குப் பின் தாங்களே கேட்டு வாங்குவார்கள்.

இனி அந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

கிரகணத்துக்கும் ஆட்டிசத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தயங்காமல் சொல்லலாம்.

காய்ச்சல் மாத்திரை. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பாராசிட்டமாலைப் பற்றிப் பேசியபின் இந்தக் கேள்வி கூடிவிட்டது. ஸ்வீடனில் சுமார் 24.8 லட்சம் குழந்தைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார்கள். ஒரே தாய் ஒரு கர்ப்பத்தில் மாத்திரை எடுத்து, இன்னொன்றில் எடுக்காமல் இருந்தால் அந்த உடன்பிறப்புகளுக்குள் ஒப்பிட்டார்கள். மரபும் குடும்பமும் பொதுவாகிவிடுவதால் ஒப்பீடு நியாயமானது. வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மருத்துவர் சொன்னபடி காய்ச்சலைக் குறைத்துக்கொண்ட தாய் சரியானதைத்தான் செய்திருக்கிறார்.

பூச்சிமருந்துதான் கடினமான கேள்வி. கலிஃபோர்னியாவின் விவசாயப் பகுதியில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, கர்ப்ப காலத்தில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் சில மருந்துகள் தெளிக்கப்பட்டிருந்தால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 10 முதல் 16 விழுக்காடு கூடுவதைக் கண்டது. நம் உரக்கடைகளில் விற்கும் குளோர்பைரிபாஸ் அவற்றில் ஒன்று. நூறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரத்தில் 100 என்பது சுமார் 110 அல்லது 116 ஆகிறது. ஊர் முழுமைக்கும் பார்த்தால் இது அக்கறைப்பட வேண்டிய எண். ஒரு குழந்தையைச் சோதித்து, இதற்கு மருந்துதான் காரணம் என்று சொல்ல வழியில்லை. அந்தத் தாய் கூலிக்காகப் போனவர். கர்ப்பிணியை மருந்தடித்த வயலில் இறக்காமல் இருப்பதும், குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகே தெளிக்கும் நாளை முன்கூட்டியே அறிவிப்பதும் ஊரின் பொறுப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை நாம் பேசலாம்.

ஆக, அந்தத் தாயிடம் நான் இப்படித்தான் சொல்கிறேன்: "நீங்க எந்தத் தப்பும் செய்யலம்மா. எதனால வந்துச்சுன்னு ஒரு பிள்ளையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இனி என்ன செய்யலாம்னு பார்ப்போம்." பிறகு, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டவும், சிறப்புப் பயிற்றுநரைச் சந்திக்கவும் நாள் குறித்துக் கொடுக்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் இருப்பதால், சான்றும் அடையாள அட்டையும் பெறும் வழியைச் சொல்கிறேன். முடிந்தால் கணவரையும் அடுத்த முறை வரச் சொல்கிறேன். அதே சொற்களை அவரும் நேரில் கேட்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் நடத்தும்போது ரூபெல்லாவுக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாணவிகளுக்கு மட்டுமல்ல, மாணவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் என்று தெரியவரும்போது மனைவியைக் குறை சொல்லாத கணவர்கள் அந்த வகுப்பிலிருந்துதான் வர வேண்டும். இரண்டாவது, தயங்கி நிற்கும் அந்தத் தாய்க்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, பத்து நிமிடம் பேசுங்கள்.