சுமப்பவனும் குற்றவாளியே
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் நெல்லும் திராட்சையும் விளையும் நம் கம்பம் பள்ளத்தாக்கிற்குக் கஞ்சாவின் பெயரால் ஓர் அவப்பெயரும் உண்டு. முன்பு வருசநாட்டு மலைகளில் அது களவாகப் பயிரிடப்பட்டது. இன்று ஆந்திர, ஒடிசா மலைப்பகுதிகளிலிருந்து வந்து, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்திற்குக் கடத்தப்படுகிறது. ஏலத்தோட்டத்திற்கு ஜீப் ஓட்டிப் பிழைக்கும் நம் பிள்ளைகளும் இதே பாதைகளில்தான் சென்று வருகிறார்கள்.

கடத்தல்காரன் தேடுவது போக்கிரியை அல்ல. எவரும் ஐயுறாத நல்ல பிள்ளையைத்தான். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்தது இதற்குச் சான்று. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்க்கப் பற்றோடு வளர்ந்த யூத இளைஞர் சிலர், ஆம்ஸ்டர்டாமிலிருந்து போதை மாத்திரைகளைச் சுமந்து வரப் பயன்படுத்தப்பட்டனர். அவர்களது கறுப்புத் தொப்பியையும் மார்க்க உடையையும் கண்டு அதிகாரிகள் ஐயுறமாட்டார்கள் என்பதே கும்பலின் கணக்கு. 2010இல் வெளிவந்த 'ஹோலி ரோலர்ஸ்' என்னும் திரைப்படம் இதனைத் தழுவியதே. அவர்களது மார்க்கம் வேறு. பெற்ற தாயின் கண்ணீர் வேறல்ல. தொப்பியும் தாடியும் தரும் நற்பெயரையே அக்கும்பல் விலைக்கு வாங்குகிறது என்பதை நம் இளைஞர்களும் உணர வேண்டும்.

"நாம் புகைக்கவில்லை, விற்கவில்லை, வண்டியைத்தானே ஓட்டினோம்" என்பது வாதமாகாது. மது தொடர்பில் சபிக்கப்பட்ட பத்துப் பேரில் அதனைச் சுமப்பவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்துரைத்ததாக ஹதீஸ் உள்ளது. போதை தருபவை அனைத்திற்கும் இது பொருந்தும் என்பர் ஆலிம்கள்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் தண்டனை 10 ஆண்டுக்குக் குறையாது. 20 ஆண்டு வரை நீளலாம். குறைந்தது 1 லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. அவ்வளவில் பிடிபட்டோருக்கு ஜாமீன் கிடைப்பது மிக அரிது. குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் முதலில் கருதும். இல்லையென மெய்ப்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரையே சாரும். வண்டியும் பறிமுதலாகும். ஓரிரவுக் கூலிக்கு ஆசைப்பட்டவன் தன் இளமையையே இழக்கிறான்.

ஆகவே ஜமாஅத்தார் அனைவரையும் வேண்டிக்கொள்கிறோம். மகன் கையில் வழக்கத்திற்கு மாறான பணம் புழங்கினால், பெற்றோர் மகிழாமல், எங்கிருந்து வந்தது என விசாரியுங்கள். வண்டியை இரவல் கொடுப்போர் எதற்கென்று கேட்டுக் கொடுங்கள். வேலையற்ற இளைஞனுக்கு ஓட்டுநர் உரிமமோ சிறு தொழிலோ கிடைக்க நம் பைத்துல்மாலிலிருந்து உதவுவது, கூட்டம் கூட்டிப் பேசுவதைவிடப் பயனுள்ளது.

வலையில் சிக்கிவிட்ட பிள்ளை அஞ்சி ஒளியாமல், பள்ளிவாசலை நாடி வந்து உண்மையைச் சொல்லும் துணிவு பெற வேண்டும். அவனை ஏசி விரட்டினால் அவன் திரும்பவும் அக்கும்பலிடமே செல்வான். தவ்பாவின் வாசலை அல்லாஹ் திறந்து வைத்திருக்க, அதை அடைக்க நாம் யார்? குற்றத்தை மறைக்கச் சொல்லவில்லை. பொய்ச் சாட்சிக்கும் ஜமாஅத் துணை நிற்காது. எனினும் கைதானவர் வீட்டாரோடு கொள்வினை கொடுப்பினையை நிறுத்துவதும், அவர்தம் பிள்ளைகளைச் சுட்டிப் பேசுவதும் அநீதி. காவலில் உள்ளோர்க்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி உண்டு. இவற்றை அக்குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஹலாலான உழைப்பில் வரும் கஞ்சியே நமக்குப் போதும். நம் பிள்ளைகளையும் இந்தப் பள்ளத்தாக்கையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.