நம் தலையை எண்ணி ஒதுக்கிய இடங்கள்

மலையக மக்கள் இந்த இலங்கை மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023ஆம் ஆண்டு நினைவுகூர்ந்தோம். தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்கள். கொழும்பில் விழா எடுத்தார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து நம் உழைப்பைப் போற்றினார்கள். போற்றியவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த மேடைகளில் கேட்கப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது. அதை இன்று கேட்கப் போகிறேன். மலையகத்தில் சாதாரண தரம் சித்தியடைந்த ஒரு பிள்ளை, உயர்தரத்தில் என்ன படிப்பது என்பதைத் தீர்மானிப்பது யார்? பிள்ளையா, பெற்றோரா, ஆசிரியரா? மூவரும் இல்லை. பக்கத்தில் இருக்கும் பாடசாலையின் வகைதான் தீர்மானிக்கிறது. இதுதான் என் குற்றச்சாட்டு. இதை நிறுவிவிட்டு, எதிர்த்துச் சொல்லப்படுவதற்கெல்லாம் பதிலும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

இந்த நாட்டில் அரசாங்கப் பாடசாலைகள் ஏறத்தாழ 10,100 இருக்கின்றன. கல்வி அமைச்சு அவற்றை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ளது 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளது 1சி. 11ஆம் ஆண்டோடு முடிவது இரண்டாம் வகை. ஆரம்பப் பிரிவோடும் அதற்குச் சற்று மேலோடும் நிற்பது மூன்றாம் வகை. மொத்தப் பாடசாலைகளில் 1ஏபி என்பது ஏறத்தாழ 1,000தான், அதாவது பத்தில் ஒன்று. மலையகத்தில் அந்த ஒன்றும் எங்கே இருக்கிறது? ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, கண்டி என்று நகரங்களில் இருக்கிறது. மஸ்கெலியாவுக்கு மேலே, பொகவந்தலாவைக்கு அப்பால், பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும். உயர்தரம் இருந்தால் அது பெரும்பாலும் கலைப் பிரிவு. இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் ஆகிய மூன்றையும் எடுக்காமல் பொறியியல் பீடத்தின் வாசலை மிதிக்க முடியாது. உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் இல்லாமல் மருத்துவ பீடம் இல்லை. அப்படியானால் 16 வயதில் ஒரு பிள்ளைக்கு மூடப்படும் கதவை, பிறகு 20 வயதில் எந்தப் பரீட்சையாலும் திறக்க முடியாது.

இங்கேதான் பலருக்குத் தெரியாத கணக்கொன்று வருகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு மாணவரை எடுக்கும்போது 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. மிச்சம் 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த 55 சதவீதத்தை எந்த அளவுகோலால் பிரிக்கிறார்கள்? மாவட்டத்தின் மக்கள் தொகையால். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். கொழுந்து பறிப்பவரையும், தொழிற்சாலையில் நிற்பவரையும், அவர்கள் பெற்ற பிள்ளையையும் எண்ணித்தான் அந்த மாவட்டத்துக்கு மருத்துவ இடமும் பொறியியல் இடமும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் அந்த இடத்துக்குப் போட்டியிடத் தேவையான வகுப்பு அவர்கள் பிள்ளைக்கு எட்டிய தூரத்தில் இல்லை. நம் தலை கணக்கில் இருக்கிறது, நம் பிள்ளை பட்டியலில் இல்லை. வெட்டுப்புள்ளி குறைவு என்பதால் வெளி மாவட்டத்து மாணவர் இங்கே வந்து பரீட்சை எழுதுகிறார்கள் என்ற புகார் நெடுங்காலமாக உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விஞ்ஞானப் பிரிவு இல்லாத மக்களுக்குக் கொடுக்கும் ஒதுக்கீடு வேறு யாருக்கோ போய்ச் சேர்வது இயற்கை. சலுகை கொடுத்துவிட்டோம் என்று அரசு கணக்குக் காட்டுவதுதான் அநியாயம்.

இது நேற்று வந்த நிலை இல்லை. இந்த நாட்டின் இலவசக் கல்வி 1940களில் பிறந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1948ல் நம் குடியுரிமை பறிக்கப்பட்டது. அரசு தோட்டப் பாடசாலைகளைக் கையேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதாவது மற்றவர்கள் பல்கலைக்கழகம் போன காலத்தில் நாம் ஐந்தாம் வகுப்புக்காகப் போராடிக்கொண்டிருந்தோம். அந்தப் போராட்டத்தில் வென்றோம். இன்று தோட்டப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, சாதாரண தரம் எழுதுகிறது. ஆகவே சண்டையின் இடம் மாறிவிட்டது. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்ட காலம் முடிந்து, அந்தப் பள்ளிக்கூடத்தில் என்னென்ன பாடம் வேண்டும் என்று கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

முதலாவது மறுப்பு எப்போதும் இதுதான்: "உங்கள் பிள்ளைகள் சாதாரண தரத்தில் கணிதத்திலேயே தேறுவதில்லை, உயர்தரக் கணிதம் எதற்கு?" கேட்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ஆறாம் ஆண்டிலிருந்து கணிதத்துக்கு ஒரே ஆசிரியர் தொடர்ந்து நிற்காத பாடசாலையில் பிள்ளை தேறாதது பிள்ளையின் குறையா? ஒரு பிரதேசத்தில் உயர்தர விஞ்ஞானம் இல்லாவிட்டால் அங்கே விஞ்ஞானப் பட்டதாரி ஆசிரியர் வரமாட்டார். அவர் வராவிட்டால் ஒன்பதாம் ஆண்டுக்கும் பத்தாம் ஆண்டுக்கும் நல்ல கணித ஆசிரியர் இல்லை. அவர் இல்லாவிட்டால் சாதாரண தரப் பெறுபேறு வீழ்கிறது. அந்தப் பெறுபேற்றைக் காட்டித்தான் உயர்தர விஞ்ஞானத்தை மறுக்கிறார்கள். இந்தச் சக்கரத்தை எங்கேயாவது உடைக்க வேண்டும். மேலிருந்து உடைப்பதே சுலபம். ஏனென்றால் உயர்தர வகுப்புக்காக வரும் நான்கு ஆசிரியர்களே கீழ்வகுப்புகளுக்கும் பாடம் எடுப்பார்கள்.

இரண்டாவது மறுப்பு கணக்காளர் மறுப்பு: "வகுப்புக்கு ஆறு பேர், ஏழு பேர்தான் சேர்வார்கள். அதற்காக ஆய்வுகூடமும் ஆசிரியரும் கொடுக்க முடியுமா?" இதில் நியாயம் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறேன், நம்மவர்களும் இதில் தவறு செய்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துப் பாடசாலைக்கும் 1ஏபி பெயர்ப்பலகை வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம். அரசியல்வாதி வந்து பலகையைத் திறந்து வைக்கிறார், படம் எடுக்கிறார், போய்விடுகிறார். இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளை தனியார் வகுப்பைத் தேடி ஓடுகிறது. ஆசிரியர் இல்லாத பலகை ஒரு மோசடி. நாம் கேட்க வேண்டியது வேறு. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, ஹட்டன், வலப்பனை, ஹங்குராங்கெத்த, கொத்மலை என்று ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வலயத்தின் கீழும் கோட்டங்கள் உண்டு. தமிழ் மாணவர் கணிசமாக உள்ள ஒவ்வொரு கோட்டத்திலும் ஒரே ஒரு தமிழ்மொழி மூலப் பாடசாலையைத் தெரிந்தெடுங்கள். அங்கே விஞ்ஞானம், கணிதம் ஆகிய இரண்டு பிரிவுகளையும் முழுமையாக நடத்துங்கள். பக்கத்தில் ஒரு விடுதி கட்டுங்கள். பத்துப் பாடசாலைகளில் சிதறிக் கிடக்கும் ஆறு ஆறு பேரும் ஓரிடத்தில் சேர்ந்தால் 60 பேர். அப்போது கணக்காளருக்கும் குறை இல்லை. விடுதியை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் நகரத்தில் அறை எடுத்துக் கொடுத்துப் பிள்ளையைப் படிக்க வைக்க எத்தனை பேரால் முடியும்? ஆண்பிள்ளையையாவது எப்படியோ அனுப்பிவிடுவார்கள். கடைசிப் பஸ்ஸில் தனியாக வரவேண்டிய பெண்பிள்ளையை அனுப்பத் தயங்குவார்கள். கணிதத்தில் கெட்டிக்காரியான எத்தனையோ பெண்பிள்ளைகள் கலைப் பிரிவில் உட்கார்ந்திருப்பதற்கு பஸ் நேரம்தான் காரணம்.

மூன்றாவது மறுப்பு உண்மையிலேயே கனமானது: "ஆசிரியரை எங்கே போய்த் தேடுவது?" வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் விஞ்ஞானப் பட்டதாரிகள் இங்கே நியமனம் பெற்று வருகிறார்கள். நல்ல சேவை செய்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் சொந்த ஊரில் வெற்றிடம் வந்ததும் இடமாற்றம் கேட்பது மனித இயல்பு, அதில் பழி சொல்ல ஒன்றும் இல்லை. 2014, 2015 காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களை எடுத்தபோது மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் தொடங்கினார்கள். உயர்தரம் படித்த இளைஞர்களை அந்தக் காசுக்கு வேலை வாங்கியதை ஆசிரியர் பிரச்சினைக்குத் தீர்வு என்று பெயரிட்டார்கள். அது கீழ்வகுப்புகளின் வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியிருக்கலாம். இணைந்த கணிதம் கற்பிக்க ஆள் தேடும் பிரச்சினைக்கு அது தீர்வு இல்லை. நிலையான வழி ஒன்றுதான். உயர்தர விஞ்ஞானத்தில் தேறும் மலையகப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்புக்கான புலமைப்பரிசில் கொடுத்து, படிப்பு முடிந்ததும் குறித்த ஆண்டுகள் சொந்த வலயத்தில் கற்பிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்யுங்கள். கொட்டகலை, பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே கணிதம், விஞ்ஞானம் பயிலும் மலையக மாணவர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். உள்ளூர்க்காரர் ஊரைவிட்டு ஓடமாட்டார். ஐந்தாறு ஆண்டுகளில் முதல் அணி வரும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தால் இன்று இந்தக் கூட்டத்துக்கே தேவை இருந்திராது.

இன்னும் சிலர், "கலைப் பிரிவு என்ன தாழ்ந்ததா, எல்லோரும் டொக்டராக வேண்டுமா?" என்கிறார்கள். கலை தாழ்ந்தது இல்லை. வரலாறும் தமிழும் புவியியலும் விரும்பிப் படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல பாதை. வேறு பிரிவு இல்லாததால் கலைப் பிரிவில் விழும் பிள்ளைக்கு அது பாதை இல்லை, பள்ளம். விரும்பிப் படிக்கும் பாடத்துக்கும் விதிவசமாகப் படிக்கும் பாடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுகிறேன், பாடங்களின் தரத்தை இல்லை. 2013ல் தொழினுட்பப் பிரிவு வந்தபோதும் இதே பேச்சு வந்தது: "இது உங்களுக்குப் பொருத்தம், கணிதப் பிரிவு எதற்கு?" தொழினுட்பப் பிரிவை வரவேற்கிறேன். ஆனால் அதற்கும் தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், செய்முறைக்கூடம் வேண்டும். மலிவான மாற்று என்று எண்ணி அதைக் கொடுத்தால் அதுவும் பெயர்ப்பலகையாகவே நிற்கும்.

"இப்போதுதான் இணையம் இருக்கிறதே, திரையிலேயே நல்ல ஆசிரியர் பாடம் எடுக்கிறாரே" என்பது புதிய மறுப்பு. மீட்டல் வகுப்புக்கு அது உதவும். ஆனால் இரசாயனவியலில் அமில கார நியமிப்பு என்ற ஒரு செய்முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவியின் திருகைப் பிடித்து, குடுவையைச் சுழற்றிக்கொண்டே, காரத்தைத் துளித்துளியாக விடவேண்டும். நிறமற்ற கரைசல் ஒரே ஒரு துளியில் இளஞ்சிவப்பாக மாறும். அதற்கு முந்தைய துளியில் நிறுத்தினாலும் தவறு, அடுத்த துளிக்குப் போனாலும் தவறு. அந்தத் துளியைத் தன் கையால் பிடித்த பிள்ளைக்கு முடிவுப்புள்ளி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. பிடிக்காத பிள்ளை வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்யும். பௌதிகவியலில் நுண்மானித் திருகுக்கணிச்சியைத் தொடாத பிள்ளையும் அதன் பூச்சிய வழுவைப் புத்தகத்தில்தான் காணும். உயர்தர வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்கள் இந்தச் செய்முறை அறிவையே சோதிக்கின்றன. 2001இலிருந்து நடைமுறையில் உள்ள இசட் புள்ளி முறையில் நம் பிள்ளையின் புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய நாடு முழுவதுமுள்ள பிள்ளைகளின் சராசரியோடு வைத்து அளக்கப்படுகிறது. ஆய்வுகூடத்தில் இரண்டு ஆண்டுகள் நின்றவரோடு, ஆய்வுகூடத்தையே பார்க்காதவரை அந்த முறை ஒரே கோட்டில் நிறுத்துகிறது. அந்தக் கோட்டில் போட்டியிடத் திரை போதாது.

கடைசியாக, யாரிடம் கேட்பது? தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், மலையகத்துப் பெரும்பாலான பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் இருக்கின்றன. மத்திய மாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடத்தாமல் ஆளுநரும் அதிகாரிகளும் மாகாணத்தை நடத்தத் தொடங்கினார்கள். வாக்கால் தண்டிக்க முடியாதவரிடம் கேட்டுப் பயன் இல்லை என்று நாம் சும்மா இருந்ததுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்கிறேன்: சம்பளப் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்துக்காக மேசையில் அடித்தீர்கள், அடித்தது சரி. ஒரு கணித ஆசிரியருக்காக எந்த மேசையில் அடித்தீர்கள்? சம்பளம் உயர்ந்தால் தொழிலாளி சற்று நிமிரலாம். உயர்தர விஞ்ஞானம் வந்தால்தான் அவர் பிள்ளைக்கு லயத்தை விட்டு வெளியேறும் வழி கிடைக்கும்.

ஆகவே இங்கிருந்து போகும்போது ஒவ்வொரு பெற்றோரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். எங்கள் கோட்டத்தில் தமிழ்மொழி மூல 1ஏபி பாடசாலை எது? அங்கே இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் நான்குக்கும் இன்று ஆசிரியர் இருக்கிறாரா? தூரத்துப் பிள்ளைக்கு விடுதி எப்போது? வலயக் கல்விப் பணிப்பாளரின் கையொப்பத்தோடு பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடமும் இதே மூன்றையே கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருக்கு வாக்கு இல்லை என்று இன்றே முடிவெடுப்போம்.