பந்தயத்தில் வெல்பவன் யார்?

(கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிலாளர்களின் வாயிற்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

விம்பிள்டன் டென்னிஸ் நடப்பது லண்டனில். அதன்மேல் பணம் கட்டுவதோ இங்கே, ஆலை வாசலில், செல்போனில்! பொன்னேரி வயல் வரப்பிலும் இந்த நோய் பரவிவிட்டது. "கட்டினால் இரட்டிப்பு" என்கிறான் பந்தயக்காரன். அவன் கணக்கை நாம் பார்ப்போம்.

சமபலமுள்ள இருவர் ஆடுகிறார்கள். நம்மில் ஒருவர் இவர்மேல் 100 ரூபாய் கட்டுகிறார். இன்னொருவர் அவர்மேல் 100 ரூபாய். ஜெயித்தவருக்கு 200 ரூபாயா தருகிறான்? உதாரணமாக, 190 தருவான். 10 ரூபாய் அவன் பையில். யார் ஜெயித்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. திரும்பத் திரும்பக் கட்டினால் நம் கூலி பத்துப் பத்தாக அவனிடமே போய்ச் சேரும்.

ஆட்டமாவது நாணயமானதா? 180க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை வளைத்த சூதாட்டத் தரகன் ஒருவனுக்கு 2023ல் பெல்ஜியம் நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அவன் வலை வீசியது பெரிய வீரர்களுக்கல்ல; பயணச் செலவுக்கே திண்டாடும் கீழ்வரிசை ஆட்டக்காரர்களுக்கு. அங்கே அவர்களுடைய வறுமையை விலைக்கு வாங்கினான். இங்கே நம் வறுமைக்கு ஆசை காட்டுகிறார்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நடத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் சட்டம் மட்டும் நம் வீட்டு அடுப்பைக் காக்காது.

விட்ட பணத்தைப் பிடிக்க மேலும் கடன் வாங்காதீர்கள். கடன்பட்ட தோழர் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். தனியே தவிக்கவும் வேண்டாம். வீட்டாரிடம் சொல்லுங்கள், எங்களிடம் சொல்லுங்கள். சேர்ந்து வழி காண்போம்!