துணியின் மறுபக்கம்

புனே நகரில் வாழும் நாம், திருமணம் என்றதும் லட்சுமி சாலைக்குச் செல்கிறோம். அங்கே பைத்தானிச் சேலை வாங்கும் மராத்தியத் தாய்மார்கள், முந்தானையைப் புரட்டி மறுபக்கத்தைப் பார்ப்பார்கள். கைத்தறிப் பைத்தானியின் முந்தானை இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும். நெய்தவரின் நேர்மைக்கு அதுவே சான்று.

அத்தகைய கலையொன்று நம் நீலகிரியிலும் உண்டு. தோடர் இனப் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் பூத்தையல் செய்கின்றனர். துணியில் கோடு வரைவதில்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகின்றனர். இருபுறமும் பயன்படும் அவ்வேலைப்பாடு, ஆணும் பெண்ணும் போர்த்தும் 'பூத்துக்குளி'யை அழகு செய்கிறது. இறந்தோரையும் அதனாலேயே போர்த்தி வழியனுப்புகின்றனர்.

2013-ல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்தது. கூலிக்குக் காப்பு வந்ததா? பல நாள் உழைப்பில் உருவாகும் சித்திரத்தை, அச்சு இயந்திரம் சில நொடிகளில் துணியில் பதித்துவிடுகிறதே!

இச்சோதனையைச் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் நகரம் முன்னரே கண்டது. பெண்கள் கையால் செய்த பூத்தையலை அங்கே இயந்திரம் மேற்கொண்டது. 1863-ல் ஈசாக் குரோப்லி அமைத்த பொறிக்கு 'ஷிஃப்லி' என்று பெயர். சிறு ஓடம் என்பது பொருள். நெசவு நாடாவை ஓடம் எனும் வழக்கு தமிழிலும் உண்டன்றோ! 1910-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு ஏற்றுமதியில் பூத்தையலே முதலிடம் பெற்றது. 1914-ல் போர் மூண்டது, பின்னர் உடை நாகரிகமும் மாறியது, தொழில் சரிந்தது. எஞ்சியோர் மலிவை நாடவில்லை. புதுப்புதுச் சித்திரங்களைப் படைத்துப் பாரிஸ் உடைக் கலைஞருக்கு அளித்தனர். 2009-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் பதவியேற்பு விழாவில் மிச்சேல் ஒபாமா அணிந்த உடையின் பூவேலைத் துணியும் அவ்வூரிலிருந்து சென்றதே.

தோடர் சித்திரங்களும் புதிய உடைகளில் இடம்பெறட்டும். அவற்றோடு அவர்கள் பெயரும் உரிய கூலியும் சேர்ந்தே செல்லட்டும். இதில் நமக்கும் பங்குண்டு. ஆலைத் துணிக்கு அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். கைவேலைக்கு மட்டும் பேரம் பேசுகிறோம். விடுமுறையில் உதகை செல்லும்போது துணியின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். ஒவ்வோர் இழையையும் எண்ணித் தைத்த கையை அங்கே காண்போம். பின்னர் பேரம் பேச நமக்கு நா எழாது.