மூன்றாவது மார்க்கம்

பெண்மணி ஒருவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தே தீரவேண்டிய நிலை வந்துவிட்டால், "வயிற்றைக் கிழித்தா, ஓட்டை போட்டா?" என்றுதான் முதலில் விசாரிப்பார்; ஜெர்மானிய ரணசிகிச்சை நிபுணர் லாங்கன்பெக் 1813-இலேயே கையாண்டதும், வயிற்றில் தழும்பே இல்லாததுமான யோனிவழி மார்க்கம் ஒன்றிருப்பது பலருக்கு ஞாபகம் வருவதில்லை. புற்றுநோயல்லாத சாதாரண உபாதைகளுக்கு, கர்ப்பப்பை மிகப் பெருத்துவிடாமலிருந்தால், அதுவே உத்தமம் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம்.

1980-களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றிய, ஓட்டை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப் முறையிலும் சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆயினும், கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்க்கு அடியில், பாலத்தின் கீழோடும் வாய்க்கால்போல, கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில் செல்லும் சிறுநீர்க்குழாய் காயப்படும் அபாயம் அதில் சற்று அதிகம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலோ கதையே வேறு. சிறு துவாரங்கள் வழியே சிகிச்சை பெற்றவர்களைக் காட்டிலும் வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்று 2018-இல் வெளியான பன்னாட்டுப் பரிசோதனை ஒன்று ருசுப்படுத்தவும், நீண்ட கீறலைக் கர்நாடகமென்று பரிகசித்தவர்கள், அடியேன் உட்பட, வாயடைத்துப் போனோம்.